ஆக்ஸிலரேட்டர் மிதி இறுகுவது ஏன்?

நூலும் துணியும், மஞ்சளும் கொப்பரையும், உரமும் விதையும் ஏற்றிச் செல்வதற்கெனச் சொந்தமாக லாரி வைத்திருக்கும் சங்கங்கள் நம் கொங்கு நாட்டில் உண்டு. அவ்வண்டிகளுள் பல வயது முதிர்ந்தவை. புது வண்டி வாங்க நிதி இடங்கொடாத சங்கம் பழைய வண்டியைப் பழுது பார்த்து ஓட்டுவதில் இழுக்கு எதுவும் இல்லை. ஆயினும் பழைய வண்டியின் குறைகளுள் எது பொறுக்கத்தக்கது, எது ஒரு நாளும் பொறுக்கத்தகாதது என்பதை நிர்வாக சபையினரும் அங்கத்தினர்களும் அறிந்திருத்தல் அவசியம். வண்ணம் உதிர்ந்த கதவு பொறுக்கத்தக்கது. இறுகிப்போன ஆக்ஸிலரேட்டர் மிதி பொறுக்கத்தகாதது. அது ஏன் என்பதை விளக்கவே இதனை எழுதுகிறோம்.

நாம் கூட்டுறவுத் துறையின் ஆய்வாளரே அன்றி யந்திர வல்லுநர் அல்லோம். ஏடுகளையும் வவுச்சர்களையும் புரட்டுவதே நம் தொழில். எனினும் ஈரோடு மாவட்டத்துச் சங்கம் ஒன்றில் நம் முன் வைக்கப்பட்ட ஒரு கோப்பு, நம்மை லாரியின் அடியில் குனிந்து பார்க்கும்படி செய்துவிட்டது.

அச்சங்கத்தின் லாரி இருபது ஆண்டுகளைக் கடந்தது. படுக்கை விரிப்புகளையும் தேங்காயையும் உதகைக்கு ஏற்றிச் சென்று, திரும்பும்போது காரட்டும் விதை உருளைக்கிழங்கும் கொண்டுவருவது வழக்கம். ஒரு மார்கழி மாதத்தில், இரவு உதகையில் தங்கிவிட்டு விடியுமுன் புறப்பட்ட வண்டி, கேத்திக்கு அருகே ஒரு வளைவில் மலைப் பக்கத்துச் சாக்கடையில் இறங்கி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. ரேடியேட்டர் உடைந்தது. மூட்டைகள் சரிந்து காரட் பாதி விலைக்குப் போயிற்று. ஓட்டுநரின் அஜாக்கிரதையே காரணம் என்று நிர்வாக சபை தீர்மானித்து, நஷ்டத்தை அவர் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்ய உத்தரவிட்டது. அதனை எதிர்த்து அவர் கொடுத்த மனுவே நம்மிடம் வந்த கோப்பு.

மனுவில் நான்கே வரிகள் இருந்தன. நேரில் கேட்டபோது அவர் சொன்னார்: "மேட்டுல ஏறுறப்ப நல்லா அமுத்தி மிதிச்சனுங்க சார். வளைவு வந்துது, காலை எடுத்தேன். மிதி மேல வரவே இல்லீங்க. வண்டி அப்படியே இழுத்துக்கிட்டுப் போகுது. பள்ளத்துப் பக்கம் போறதுக்கு மலைப் பக்கம் போகட்டும்னு திருப்பிட்டனுங்க."

இதற்கு எதிராக ஒரு மெக்கானிக்கின் சான்று கோப்பில் இருந்தது. அன்று பிற்பகல், மேட்டுப்பாளையத்துக்கு இழுத்து வரப்பட்ட வண்டியைச் சோதித்து, ஆக்ஸிலரேட்டர் சரியாகவே வேலை செய்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. ஓட்டுநரும் பொய் சொல்லவில்லை. இருவர் கூற்றும் உண்மையாக இருப்பது எங்ஙனம் என்பதைக் காண, முதலில் அந்த மிதி எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

குழித்தறியில் அமர்ந்து நெய்யும் அங்கத்தினருக்கு இதனை விளக்குதல் எளிது. காலால் மிதியை அழுத்தினால் கயிறு விழுதை இழுக்கிறது, பாவு பிரிகிறது. மிதிக்கும் விழுதுக்கும் இடையே கயிறும் உருளையும் இருக்கின்றன. மிதி கனத்தால் அனுபவமுள்ள நெசவாளர் காலைப் பலமாக ஊன்றிக்கொண்டே இருப்பதில்லை. கயிறு எங்கே உரசுகிறது, உருளை ஏன் சுழலவில்லை என்று நிமிர்ந்து பார்க்கிறார். லாரியின் அமைப்பும் இதைப் போன்றதே. ஓட்டுநரின் வலக் காலின் கீழ் மிதி; யந்திரத்தின் பக்கவாட்டில் டீசல் பம்பு; பம்பின் மேல் ஒரு லீவர். மிதிக்கும் அந்த லீவருக்கும் இடையே சில வண்டிகளில் இரும்புத் தண்டுகளும் முழங்கைபோல் மடங்கிய இணைப்புகளும் உண்டு. சிலவற்றில் மேலுறைக்குள் ஓடும் கேபிள் உண்டு. சிலவற்றில் இரண்டும் கலந்து வரும். மிதியை விட்டதும் லீவரைப் பழைய நிலைக்கு இழுக்க ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. காலை எடுத்தால் வண்டியின் இழுப்பைத் தணிப்பது அந்த ஸ்பிரிங்தான். மிதிக்கும் கால் அன்று.

ஆகவே மிதி இறுகுவது என்பதில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. கீழே அழுத்தப் பலம் வேண்டியிருக்கிறது என்பது ஒன்று. இதனால் கால் வலிக்கும், சீராக மிதிக்க இயலாமல் வண்டி குதித்துக் குதித்துப் போகும், டீசல் வீணாகும், புகை கக்கும். இவை பணத்தோடு போகும் நஷ்டங்கள். இரண்டாவது செய்திதான் அச்சம் தருவது. கீழே செல்ல மிதியைத் தடுக்கும் அதே உராய்வு, மேலே வரும்போது ஸ்பிரிங்கையும் தடுக்கிறது. மனிதனுடைய கால் உராய்வை வென்றுவிடும். சிறிய ஸ்பிரிங் வெல்லாது. மிதி கனக்கிறது என்று ஓட்டுநர் இன்று சொன்னால், ஒரு நாள் அது திரும்பாமலும் போகலாம் என்பதற்கு அதுவே முன்னறிவிப்பு.

கேபிளின் உராய்வில் ஒரு விசித்திரம் உண்டு. நேராக ஓடும் கேபிள் இலேசாக ஓடும். வளைவுகள் கூடக்கூட உராய்வு கூட்டல் கணக்கில் அன்றிப் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. உராய்வெண் 0.2 என்று வைத்துக்கொண்டால், கேபிளின் எல்லா வளைவுகளும் சேர்ந்து 180 பாகை ஆகும்போது, பம்பு முனையில் வேண்டிய பலத்தைப் போல் ஏறக்குறைய 1.9 மடங்கு பலத்தை மிதி முனையில் செலுத்த வேண்டும். வளைவுகள் 360 பாகை ஆனால் அது 3.5 மடங்காகிறது. கட்டுத்தறியில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் முரட்டுக் காளையையும் ஒரு கையால் நிறுத்தலாம் என்பதை அறியாத விவசாயி யார்? அதே கணக்குத்தான் இங்கும். பட்டறையில் கேபிளைச் சற்று நீளமாக வாங்கிப் பூட்டி, மிஞ்சிய நீளத்தை ஒரு வளையமாகச் சுருட்டிக் கம்பியால் கட்டி வைக்கும் பழக்கம் எத்துணைத் தவறானது என்பது இதனால் விளங்கும். அந்த ஒரு வளையமே 360 பாகை.

இனி நம் கோப்புக்குத் திரும்புவோம். லாரியின் நடை ஏட்டை எடுத்துப் பார்த்தோம். விபத்துக்கு முந்திய மூன்று மாதங்களில் மூன்று முறை, உதகை நடைகளின் முடிவில் மட்டும், "ஆக்ஸிலரேட்டர் டைட்" என்று அந்த ஓட்டுநர் எழுதியிருந்தார். முதற் குறிப்பின் எதிரே பென்சிலால் "பழைய வண்டி" என்றிருந்தது. மற்ற இரண்டின் எதிரே ஒன்றும் இல்லை. செயலாளரைக் குறை கூறுவது நம் நோக்கம் அன்று. பழுதுச் செலவுக்கு ஒதுக்கிய தொகை அவ்வாண்டில் முன்னரே தீர்ந்துபோயிருந்தது. மேலும் சமவெளியில் அவரே வண்டியில் ஏறி மிதித்துப் பார்த்தபோது அது நன்றாகவே இருந்ததாம்.

வவுச்சர்களைப் புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது. இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை ஆக்ஸிலரேட்டர் ஸ்பிரிங் வாங்கியிருந்தார்கள். மூன்றாவது வவுச்சரில் "கெட்டி ஸ்பிரிங்" என்றே எழுதியிருந்தது. மிதி திரும்ப மெதுவாக வந்தபோதெல்லாம் பட்டறையார் முன்னதைவிடப் பலமான ஸ்பிரிங்கைப் பூட்டியிருக்கிறார். ஸ்பிரிங் பலத்தால் கேபிளின் இழுவிசை கூடுகிறது, இழுவிசை கூடினால் வளைவுகளில் உட்கம்பி மேலுறையை அழுத்துவது கூடுகிறது, உராய்வும் கூடுகிறது. மிதி மேலும் கனத்து, உட்கம்பியும் விரைவில் தேய்கிறது. நோய்க்கு மருந்து கொடாமல் நோயாளியின் முதுகில் மேலும் ஒரு மூட்டையை ஏற்றுவது போன்ற வைத்தியம் இது. முந்திய ஆண்டின் ஆய்வில் அந்த வவுச்சர்களைப் பார்த்து, தொகை சரியென்று குறியிட்டவர் நாமே. ஒரே பொருளை மூன்று முறை ஏன் வாங்கினீர்கள் என்று நாம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வண்டி ஈரோட்டில் ஒரு பட்டறையில், ரேடியேட்டருக்கு அனுமதி கிடைக்கும்வரை அப்படியே நிறுத்தப்பட்டிருந்தது. அங்கிருந்த மெக்கானிக் முதியவர், பொறுமைசாலி. மிதியின் குறையை எப்படித் தேடுவது என்பதை அவரிடமிருந்தே கற்றுக்கொண்டோம். யந்திரம் நின்றிருக்கும்போது, பம்பு லீவரிலிருந்து கேபிளின் முனையைக் கழற்றிவிட வேண்டும். இப்போது லீவரைக் கையால் அசைத்துப் பார்த்தால் பம்பின் நிலை தெரியும். அது இலேசாகச் சென்று, ஸ்பிரிங்கின் இழுப்பால் தானே திரும்பினால் பம்பில் குறை இல்லை. அடுத்து, கேபிளின் மற்றொரு முனையை மிதியிலிருந்தும் கழற்ற வேண்டும். மிதியைக் கையால் அசைத்தால் அதன் கீல் ஆணியும் புஷ்ஷும் எப்படி இருக்கின்றன என்பது தெரியும். எஞ்சுவது கேபிள், அதன் உட்கம்பியை இரு விரலால் முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தாலே போதும். தண்டுகள் உள்ள வண்டியாயினும் முறை இதுவே: ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி, எந்தத் துண்டு இறுகுகிறது என்று தனித்தனியே காண்பது. கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் ஒரு பொருளையும் வாங்கலாகாது.

நம் வண்டியில் பம்பு நன்றாக இருந்தது. மிதியும் நன்றாக இருந்தது. கேபிளும், வியப்பாக, ஓரளவு நன்றாகவே ஓடியது! ஓட்டுநரின் முகம் வாடிவிட்டது. அப்போது அந்த முதியவர் உட்கம்பியைத் தடவிய விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என்ன எண்ணெய்ப்பா உட்டே?" என்று கேட்டார்.

"தேங்காயெண்ணெய்ங்க" என்றார் ஓட்டுநர்.

மூன்றாம் முறை எழுதியும் பதில் வராதபோது, தம் சீப்பும் கண்ணாடியும் வைத்திருந்த பையிலிருந்த தேங்காய் எண்ணெயை அவரே கேபிளின் மேல்முனையில் ஊற்றியிருக்கிறார். அது முதல் மிதி மிகவும் இலேசாகிவிட்டது என்று மகிழ்ந்தும் இருக்கிறார். சமவெளியில் அது உண்மைதான். ஆனால் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும் பொருள். மார்கழியில் புட்டியைக் கவிழ்த்தால் எண்ணெய் விழாது என்பது நம் வீடுகளில் குழந்தையும் அறிந்தது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகையோ ஏறக்குறைய 2240 மீட்டர். மார்கழி விடியலில் உதகையில் புல்மேல் உறைபனி படியும். இரவெல்லாம் அங்கே நின்ற வண்டியின் கேபிளுக்குள் அந்த எண்ணெய் மெழுகாகிவிட்டிருக்கும். முன்னரே உள்ளே இருந்த பஞ்சுத் தூசியும் அதனோடு சேர்ந்துகொண்டது. பலமாக மிதித்தபோது உட்கம்பி சென்றது; ஸ்பிரிங்கால் அதனைத் திரும்ப இழுக்க முடியவில்லை. வெயிலேறி மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தபோது மெழுகு மீண்டும் எண்ணெயாயிற்று. மெக்கானிக் சோதித்த வேளையில் குறை உருகி மறைந்துவிட்டது.

இது வெறும் ஊகமாக இருக்கலாகாது என்று நமக்குத் தோன்றியது. ஒருவரின் சம்பளம் சம்பந்தப்பட்ட விஷயம். பட்டறைக்கு எதிரே இருந்த குளிர்பானக் கடைக்காரரிடம் கேட்டு, கழற்றிய கேபிளை ஒரு தாளில் சுற்றி அவருடைய ஐஸ் பெட்டியில் முக்கால் மணி நேரம் வைத்தோம். எடுத்து வந்து இழுத்தபோது உட்கம்பி அசைய மறுத்தது. செயலாளரும் இழுத்துப் பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்தார். பிறகு வெயிலில் பத்து நிமிடம் கிடத்தினோம். ஒரு விரலால் ஓடிற்று. செயலாளர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஓட்டுநர் எண்ணெய் ஊற்றியது தவறே; அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் மூன்று முறை முறைப்படி எழுதிக் கேட்டவர், கேட்டது கிடைக்காதபோது தம் அறிவுக்கு எட்டியதைச் செய்தார். அதற்கு முன்பே, முதற் குறிப்பு எழுதிய நாளிலேயே, கேபிள் தேய்ந்தும் அழுக்கேறியும் இருந்தது. மேலுறையைப் பிரித்துப் பார்த்தபோது உட்கம்பியின் இழைகளில் இரண்டு அறுந்து சுருண்டு கிடந்தன. அச்சில் சிக்கும் அறுந்த இழை போல, அவை மேலுறையின் உட்புறத்தைக் கவ்விக்கொண்டிருந்தன. இதனையெல்லாம் நம் அறிக்கையில் எழுதினோம்.

எண்ணெயைப் பற்றி இன்னும் சில சொற்கள். நல்லெண்ணெய் முதலிய சமையல் எண்ணெய்கள் காற்றும் சூடும் பட்டுப் பிசுபிசுப்பாகும். அவற்றையும் கேபிளில் ஊற்றலாகாது. கெட்டியான கிரீஸும் கேபிளுக்கு ஆகாது; அது தூசியைப் பிடித்து வைக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று வீசும் நம் பகுதியில் தூசிக்குப் பஞ்சம் இல்லை. கேபிளுக்கு வேண்டியது தையல் யந்திரத்துக்கு இடுவது போன்ற மெல்லிய கனிம எண்ணெய். கேபிளைக் கழற்றிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்முனையில் சைக்கிள் டியூப் துண்டைப் புனல்போல் கட்டி எண்ணெயை விட்டு, ஓர் இரவு வடியவிட வேண்டும். இடையிடையே உட்கம்பியை இழுத்து விட வேண்டும். கீழ்முனையில் கறுப்பாக வருவது நின்று தெளிவாக வந்தால் வேலை முடிந்தது. மேலுறைக்குள் நைலான் குழாய் உள்ள கேபிளுக்கு எண்ணெயே வேண்டியதில்லை. அது இறுகினால் மாற்றுவதே முறை. ஓர் இழை அறுந்திருந்தாலும் அப்படியே. கேபிளின் விலை சில நூறு ரூபாய். உடைந்த ரேடியேட்டரின் விலையை ஒப்பிட்டுப் பார்க்க அங்கத்தினர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் சங்கங்களின் வண்டிகளில் மட்டும் அதிகமாகக் காணப்படும் சில காரணங்களும் உண்டு. பொட்டாஷ், அமோனியம் சல்பேட் போன்ற உர மூட்டைகளைச் சில வேளைகளில் ஓட்டுநர் அறைக்குள்ளும் வைத்து ஏற்றிவிடுகிறார்கள். கசியும் உரத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்து, மிதியின் கீல் ஆணியையும் புஷ்ஷையும் அரித்துத் துருவேற்றுகிறது. அப்படிப்பட்ட மிதியைத் தண்ணீர் விட்டுக் கழுவி உலர்த்தி, ஆணியைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து எண்ணெயிட்டுப் பூட்ட வேண்டும். துரு ஆழமாக இருந்தால் ஆணியையும் புஷ்ஷையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம் ஏற்றும் வண்டிகளில் பாகு கசிந்து தரையில் படிவதும் இத்தகையதே. கால் வழுக்காமல் இருக்கக் கோணிச் சாக்கை மடித்துப் போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அந்தச் சாக்கின் விளிம்பு மிதியின் அடியிலோ மேலிலோ சிக்கினால் கேபிள் புத்தம் புதிதாயினும் பயனில்லை. தரை விரிப்பு ஆணி அடித்துப் பொருத்தியதாக இருக்க வேண்டும்; அன்றேல் விரிப்பே வேண்டாம்.

தண்டு இணைப்புள்ள வண்டிகளில் பலரும் நினையாத ஒரு காரணம், யந்திரத்தைத் தாங்கும் ரப்பர்கள் நைந்து போவது. ரப்பர் அமுங்கினால் யந்திரம் ஒரு பக்கம் சாய்கிறது; யந்திரத்தோடு பம்பும் சாய்கிறது; நேராக இருந்த தண்டு கோணலாகி இணைப்புக் குமிழ்களில் இறுகுகிறது. வண்டி நின்றிருக்கும்போது மிதி இலேசாகவும், பாரத்தோடு மேடு ஏறும்போது மட்டும் இறுகியும் இருந்தால் இதனைச் சந்தேகிக்கலாம். தண்டை நெளித்து நிமிர்த்திப் பயனில்லை. ரப்பரை மாற்ற வேண்டும்.

பம்பு லீவரே இறுகியிருந்தால் என் செய்வது? லீவரின் தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் வெளியே படிந்த அழுக்கை டீசலில் நனைத்த துணியால் துடைத்துப் பார்க்கலாம். வெகுநாள் ஓடாமல் நின்ற வண்டியில் பழைய டீசல் உள்ளே பிசினாகி இறுக்குவதும் உண்டு. ஆனால் பம்பைத் திறப்பது நம் ஊர்ப் பட்டறையின் வேலை அன்று. பழைய வண்டிகள் பலவற்றில் இருப்பது, 1951-இல் தொடங்கப்பட்டு 2008 முதல் பாஷ் என்னும் பெயரில் நடந்துவரும் பெங்களூர் மைக்கோ கம்பெனியின் பம்பு. அதன் அளவுத் திருகுகளைக் கம்பியும் ஈயமும் இட்டு முத்திரை வைத்திருப்பார்கள். முத்திரையை உடைத்துத் திருகைத் திருப்பினால் டீசல் அளவு கெட்டு, புகையும் செலவும் மிகும். டீசல் பம்புகளுக்கென்றே சோதனை மேடை வைத்திருக்கும் கடைகளிடம் ஒப்படைக்க வேண்டும். லாரித் தொழில் செழித்த நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் அத்தகைய கடை தேடி அலைய வேண்டியதில்லை.

புது வண்டிகளுக்கு இவற்றுள் பெரும்பகுதி பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி அமைந்த டீசல் லாரிகளில் மிதிக்கும் பம்புக்கும் இடையே கேபிள் இல்லை. மின் கருவியே மிதியின் நிலையை அறிந்து யந்திரத்துக்குச் சொல்கிறது. அவ்வண்டிகளின் மிதியில் எண்ணெய் ஊற்றுவோர் ஒரு குறையைத் தேடி வேறொரு குறையை உண்டாக்குவர்.

புதிய கேபிளைப் பூட்டியபின் இரண்டு நிலைகளைச் சரிபார்க்க வேண்டும். மிதியை முழுவதும் அழுத்தும்போது, பம்பு லீவர் தன் கடைசித் தடையைத் தொடுவதும் மிதி தரையிலுள்ள தடைத் திருகில் அமர்வதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிகழ வேண்டும். லீவர் முந்திக்கொண்டால் ஓட்டுநரின் கால் பலமெல்லாம் கேபிளை இழுத்து அறுக்கும். காலை எடுத்த நிலையில் லீவர் ஐடில் திருகில் நன்றாகப் படிந்திருக்க, கேபிளில் சிறிது தொய்வு இருக்க வேண்டும். ஸ்பிரிங் தயாரிப்பாளர் கொடுத்த அளவினதாகவே இருக்கட்டும். நம் சங்கத்து லாரியில் "கெட்டி ஸ்பிரிங்" கழற்றப்பட்டுப் பழைய அளவு ஸ்பிரிங் பூட்டப்பட்டது. புதிய கேபிளோடு அதுவே போதுமானதாக இருந்தது.

ஓட்டுநர்கள் நாள்தோறும் செய்யத்தக்க சோதனை ஒன்றை அந்த முதிய மெக்கானிக் சொன்னார். காலையில் யந்திரத்தை இயக்குமுன், மிதியைத் தரைவரை அழுத்திச் சட்டென்று காலை எடுக்க வேண்டும். மிதி காலோடு கூடவே மேலே வந்து "டக்" என்று நிற்க வேண்டும். தயங்கி வந்தால் வண்டி புறப்படலாகாது. இதனைக் குளிர்ந்த காலையில் செய்வதே பொருள் உடையது. நண்பகலில் செய்தால் நம் மேட்டுப்பாளையத்துச் சான்று போல் ஆகிவிடும்.

இத்தனைக்கும் பிறகு வழியில் மிதி கீழேயே நின்றுவிட்டால், குனிந்து கையால் தூக்க முயலலாகாது. கண் சாலையை விட்டு அகலும். உடனே கிளட்சை அழுத்த வேண்டும். யந்திரம் பெருஞ்சத்தத்தோடு சுழலும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை, டீசல் பம்பிலுள்ள கவர்னர் அதனை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாது. பிரேக்கை ஒரே அழுத்தாக உறுதியாக மிதித்து, ஓரத்தில் வண்டியை முழுவதும் நிறுத்த வேண்டும். பலமுறை விட்டு விட்டு மிதித்தால் காற்றுப் பிரேக்கில் காற்றும், வாக்குவம் துணையுள்ள பிரேக்கில் வாக்குவமும் குறைந்துவிடும். இறக்கத்தில் கிளட்சு அழுத்தியிருக்கும்போது யந்திரத்தின் பிடிப்பும் இல்லை ஆதலால், மெதுவாக்கிவிட்டு மேலும் ஓட்டலாம் என்ற எண்ணமே கூடாது. வண்டி நின்றபின் ஸ்டாப் நாபை இழுத்து யந்திரத்தை நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். ஓடும்போது சாவியைப் பூட்டும் நிலைக்குத் திருப்புவது பேராபத்து, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் சாவியைத் திருப்பினாலும் யந்திரம் நிற்பதில்லை என்பதைப் புதிதாக வேலைக்கு வரும் ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் முதல் நாளே சொல்ல வேண்டும்.

எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நாளின் சோதனையை நம்பி மற்ற நாள்களை விட்டுவிடும் சங்கங்கள் உண்டு. நாம் பார்த்த லாரியிடமும் செல்லத்தக்க சான்று இருந்தது.

அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில், பிடித்தம் செய்யும் உத்தரவை ரத்து செய்யும் தீர்மானத்தைச் செயலாளரே முன்மொழிந்தார். முன்னரே பிடித்த ஒரு மாதத் தவணையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிரேக், ஸ்டியரிங், ஆக்ஸிலரேட்டர் ஆகிய மூன்றைப் பற்றி நடை ஏட்டில் ஓட்டுநர் குறை எழுதினால், ஒதுக்கீடு இருப்பினும் இல்லாவிடினும் வண்டி அடுத்த நடைக்குப் புறப்படாது என்றும், செலவைச் செயலாளர் செய்துவிட்டுப் பின்னர்ச் சபையின் ஒப்புதல் பெறலாம் என்றும் இன்னொரு தீர்மானம் நிறைவேறியது. நடை ஏட்டில் "குறை", "செய்தது", "செய்தவர் கையொப்பம்" என்று மூன்று பத்திகள் கோடிடப்பட்டுள்ளன. நம் ஆய்வுகளில் இப்போது வவுச்சர்களுக்கு முன் அந்த ஏட்டையே கேட்டு வாங்குகிறோம்.

சென்ற மார்கழியில் அந்த லாரி பன்னிரண்டு முறை உதகை சென்று வந்தது. பன்னிரண்டு நடைகளுக்கும் குறைப் பத்தியில் "இல்லை" என்று எழுதியிருக்கிறது. ஒன்பதாம் நடையில் மட்டும், இடப் பக்கத்துக் கண்ணாடி ஆடுகிறது என்று.